ஏழாம் நம்பர் மரம்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைக் கண்ணிலேயே காணோமே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். "அரண்மனைச் சாலையில் மரம் அளந்துகொண்டிருக்கிறேன்" என்றேன். முதலில் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும், "நமக்கு எதற்கு சார் இந்த வம்பெல்லாம்? வந்த ஊரில் வேலையைப் பார்த்தோமா, பிள்ளைகளைப் படிக்க வைத்தோமா என்று இருக்க வேண்டியதுதானே?" என்றார். அங்கேயே பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் அவருடைய காபி ஆறிப்போயிருக்கும். ஆகவே ஆசிரியரிடம் சில பக்கங்கள் கேட்டு வாங்கி, இங்கே எழுதுகிறேன்.

என் பேத்தி கட்டடக் கலைப் படிப்பில் கடைசி வருஷம். ஐந்து வருஷப் படிப்பின் முடிவில் ஒவ்வொருவரும் ஒரு பெரிய திட்டத்தைத் தாமே வகுத்து, வரைந்து, மாதிரி செய்து, பரீட்சகர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது இது: அரண்மனைச் சாலையில் இருக்கும் தேசிய நவீன ஓவியக் காட்சியகத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடமும், அதைச் சுற்றி ஒரு பூங்காவும். முழுக்கக் கற்பனைத் திட்டம்தான். யாரும் கட்டப் போவதில்லை. ஆனால் அளவெல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். முப்பத்தைந்து வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற தாத்தாவை விட்டால் அவளுக்கு இந்த வேலைக்குச் சம்பளமில்லாத ஆள் யார் கிடைப்பார்?

அந்தக் காட்சியகத்துக்குப் போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் போனதில்லை. அந்தச் சாலை வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். மதில் தெரியும், மரம் தெரியும், உள்ளே ஏதோ அரசாங்க ஆபீஸ் என்று நினைத்திருந்தேன். அது மைசூர் யுவராஜாவின் மாளிகையாக இருந்து, பின்னால் மாணிக்கவேலு முதலியார் என்பவர் கைக்கு வந்தது. சுரங்கத் தொழிலில் பொருள் சேர்த்தவர் அவர். பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு ஒரு புன்னகை வரும்; அதற்குமேல் உரிமை கொண்டாட அதில் ஒன்றுமில்லை. சுமார் மூன்றரை ஏக்கர் தோட்டம். 1954-ல் டில்லியிலும் 1996-ல் பம்பாயிலும் திறந்த நவீன ஓவியக் காட்சியகத்தின் மூன்றாவது கிளை 2009 பிப்ரவரியில் இங்கே திறந்தது. பழைய மாளிகையைச் செப்பனிட்டு, பின்னால் புதிதாக ஒரு பகுதி கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். பழையதோடு போட்டி போடாமல், மரங்களுக்கு நடுவே செருகினாற்போல அது நிற்கிறது. ஒரு டிராஃப்ட்ஸ்மேனின் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்: அது அடக்கமான, நல்ல வேலை.

முதல் ஞாயிறு போனபோது, வழக்கப்படி மதிலில் தொடங்கி நான்கு மூலைகளையும் அளந்து, மாளிகையை இடத்தில் உட்கார வைத்து, நடுவில் மிச்சமிருப்பதைக் காலி இடம் என்று குறிக்கலாம் என்றேன். எங்கள் காலத்தில் அப்படித்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல தாத்தா, முதல்ல மரம். அப்புறம்தான் சுவரு" என்றாள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர். மார்பளவு உயரத்தில் சுற்றளவு. கிளை எதுவரை பரவியிருக்கிறது என்று நான்கு திசையிலும் அளவு. அடி மண் மேடா பள்ளமா என்று ஒரு குறிப்பு. காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பதினோரு மரம்தான் முடிந்தது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அதை வரைந்தபோதுதான் எனக்கு அதிர்ச்சி. ஏழாம் நம்பர் மரத்தின் சுற்றளவு மூன்று மீட்டருக்குச் சற்று மேலே. அதாவது அடிமரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1 மீட்டர். பிரிட்டனில் கட்டட வேலைக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்களாம்: அடிமரத்தின் குறுக்களவைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரம் வரை நாற்புறமும் மண்ணைத் தோண்டக் கூடாது, கனமான வண்டியை ஓட்டக் கூடாது, ஜல்லியும் சிமெண்டும் குவிக்கக் கூடாது. 12 மீட்டர் ஆரத்துக்கு அவள் காம்பஸை வைத்து ஒரு வட்டம் போட்டாள். பரப்பளவு 450 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முப்பதுக்கு நாற்பது மனை நான்கு! ஒரே ஒரு மரத்துக்கு. பெங்களூரில் ஒரு முப்பதுக்கு நாற்பது மனைக்காக நாம் எத்தனை வருஷம் சீட்டுக் கட்டினோம் என்பதை நினைத்துப் பாருங்கள். மரத்துக்கு நான்கு மனை வேண்டும் என்றால் கோபம்கூட வந்தது எனக்கு.

"இப்படி வட்டம் போட்டுக்கொண்டே போனால் கட்டடத்தை எங்கே வைப்பாய், ஆகாயத்திலா?" என்று கேட்டேன்.

"அதான் தாத்தா கேள்வியே" என்றாள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1983-ல் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு புதிய கேண்டீன் கட்டத் தீர்மானித்தார்கள். பெயர் வேண்டாம். தளப் படத்தை வரைந்தது நான். டிரேசிங் பேப்பரில் ராட்ரிங் பேனாவால் போட்ட அந்தக் கோடுகளின் அழகு இன்னும் எனக்கு மறக்கவில்லை, அதிகாரி தட்டிக்கொடுத்தார். அந்த இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் டிபன் கேரியரோடு வந்து அதன் அடியில்தான் சாப்பிடுவார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் நான்கும் பேசும் நிழல் அது. என் படத்தில் அந்த மரம் இல்லை. வரையச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வரைய வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. மூலைக்கு மூலை அளந்து, நடுவில் "காலி இடம்" என்று அழகாக எழுதியிருந்தேன். அமோனியா பிரிண்ட் எடுத்து, கையெழுத்துகள் வாங்கி, காகிதம் மேலே போய்க் கீழே வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் காலி இடத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை ரம்பத்தோடு ஆட்கள் வந்தபோதுதான், காலி இடத்தில் மரம் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கர்நாடகத்தில் மரங்களைக் காக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் படத்தில் இல்லாத மரத்துக்காக யார் போய் அனுமதி கேட்பார்கள்?

கேண்டீன் நன்றாகத்தான் அமைந்தது. பிறகு பல வருஷம் கேரியர் கொண்டுவருகிற ஆட்கள் சைக்கிள் ஷெட்டின் சுவரோரம், ஒரு முழ நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டதை நான் என் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குப் பேத்தி "முதல்ல மரம்" என்றபோது சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

சரி, அப்படியானால் புதுக் கட்டடமே வேண்டாம், பூங்காவாகவே விட்டுவிடலாம் என்கிறேனா? இல்லை. இந்த இடத்தில் மரம் காக்கும் அன்பர்கள் சிலரோடு எனக்கு வேறுபாடு உண்டு. ஓவியக் காட்சியகத்துக்கு இடம் நிஜமாகவே போதாது. எந்த மியூசியத்தை எடுத்துக்கொண்டாலும், நாம் சுவரில் பார்ப்பது அதன் சொத்தில் சிறு பங்குதான். பெரும்பங்கு உள்ளே, பெட்டியிலும் அலமாரியிலும் இருக்கிறது. காகிதத்தில் தீட்டிய ஓவியம் வெளிச்சத்தில் மங்கும். அதன்மேல் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக் கூடாது என்பது மியூசியக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. நம் வீட்டுக் கூடத்தின் டியூப் லைட்டே அதைவிட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வண்ணம் 200 லக்ஸ் வரை தாங்கும். சில மாதம் காட்டியதை இறக்கி, இருட்டில் ஓய்வு கொடுத்து, வேறொன்றை மாட்ட வேண்டும். காற்றில் ஈரம் ஏறி இறங்கக் கூடாது. இதற்கெல்லாம் தனி அறை, தனி இயந்திரம், சரிபார்க்கும் கூடம், பழுது பார்க்கும் மேஜை என்று தேவை நீண்டுகொண்டே போகும். அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் நம் காலத்து ஓவியர்கள் செய்து வைத்ததெல்லாம் பூஞ்சை பிடித்துப் போகும். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்று ஓர் ஊரையே உண்டாக்கினார்கள். அவர்கள் தலைமுறையின் வேலைகளைப் பார்க்க எங்கே போவது என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் ஒரு பதில் வேண்டாமா?

ஆகவே கட்டடம் வேண்டும். எப்படி, எங்கே என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டையைப் பிற ஊர்களில் எப்படித் தீர்த்தார்கள் என்று பேத்தி படம் படமாகக் காட்டினாள். ஹாலந்தில் ராட்டர்டாம் நகரத்தில், மியூசியம் பார்க் என்றே பெயர் கொண்ட ஒரு பூங்கா. அதன் ஓரத்தில் பழைய ஓவிய மியூசியம். ஓவியங்களைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் வருமோ என்ற பயம் எப்போதும் இருந்தது. 2021-ல் பக்கத்திலேயே ஒரு சேமிப்புக் கட்டடம் எழுப்பினார்கள். நாற்பது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். பார்த்தால் நம் வீட்டு அகன்ற வாய்ப் பாத்திரம் மாதிரி இருக்கிறது: அடி சிறுத்து, மேலே விரிந்து. அடியைச் சுருக்கினால் பூங்காவின் மண் அவ்வளவுக்கு மிஞ்சுமல்லவா? மேலே மொட்டைமாடியில் பிர்ச் மரங்கள் நட்டிருக்கிறார்கள். வெளிச்சுவர் முழுவதும் கண்ணாடி. பூங்காவே அதில் தெரிகிறது. ஒன்றரை லட்சம் பொருள்களை உள்ளே வைத்து, சேமிப்பு அறைகளையே பொதுஜனங்கள் சுற்றிப் பார்க்கலாம் என்றும் செய்துவிட்டார்கள். எல்லாம் சரிதான். ஆனால் மொட்டைமாடியில் மரம் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. தொட்டியில் வைத்ததைத் தோப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அடியைச் சுருக்கினார்களே, அந்தப் புத்தியைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். கீழ்த்தளத்தில் ஓவியத்தை வைக்காதே என்ற பாடத்தையும்தான். 2015 டிசம்பரில் சென்னையில் நம் உறவினர் வீடுகளின் தரைத்தளத்தில் என்னென்ன மிதந்தன என்பது நம்மில் பலருக்கு மறந்திருக்காது.

இன்னொன்று ஜப்பானில், கனசாவா என்ற ஊரில். 2004-ல் திறந்தது. வட்டமான ஒற்றைத் தளக் கட்டடம், குறுக்களவு நூற்றுப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல், சுற்றிலும் கண்ணாடி. முன்பக்கம், பின்பக்கம் என்று அதற்குக் கிடையாது. எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் அந்தப் பக்கம் ஒரு வாசல். நடுவில் இருக்கும் கூடங்களுக்கு டிக்கெட். சுற்றியிருக்கும் பகுதிக்கு டிக்கெட் இல்லை, இரவு பத்து மணி வரை யாரும் நடக்கலாம், உட்காரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போகிற ஒரு மியூசியத்தை நினைத்துப் பாருங்கள்! எனக்கு இது மிகவும் பிடித்தது. மரத்துக்கு அடுத்தபடியாக நான் கேட்பது இதைத்தான்: டிக்கெட் வாங்காதவர்களும் நிழலில் உட்கார ஓர் இடம்.

நம்மைப் போன்றவர்கள் ஓவியக் காட்சியகத்துக்குள் போகாததற்குக் காரணம் டிக்கெட் விலை அல்ல. வாசல்தான் காரணம். உயரமான மதில், யூனிபாரம் போட்ட காவலாளி, உள்ளே நீளமான பாதை. "என்ன வேண்டும்?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? கோயிலில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. லால்பாக்கில் கேட்பதில்லை. என் மனைவி அந்த வாசலுக்கு மூன்று தடவை வந்தும், "நீங்க அளந்துட்டு வாங்க, நான் இப்பிடியே நிக்கறேன்" என்று வெளியிலேயே நின்றாள். நான்காவது தடவை பேத்தி கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு மரத்தடியில் உட்கார வைத்தாள். அரைமணி நேரம் கழித்து அவளே எழுந்து போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்று புரிந்தது, ஒன்று புரியவில்லை என்றாள். அது போதும். பூங்கா என்பது கட்டடத்துக்குப் போடும் அலங்காரம் அல்ல. தயங்குகிறவர்களுக்கு அதுதான் திண்ணை. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்து வீடுகளில் திண்ணை எதற்கு இருந்தது? உள்ளே அழைக்கப்படாதவனும் வெயிலுக்கு ஒதுங்கலாம் என்பதற்குத்தானே?

கப்பன் பார்க் நமக்கெல்லாம் தெரியும். 1870-ல் சாங்கி என்ற எஞ்சினீயர் திட்டமிட்ட தோட்டம். அதன் ஓரத்தில், கஸ்தூரிபா சாலையில் சிவப்பு நிறத்தில் இருக்கிற பழைய மியூசியத்தைத் தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர்; சென்னை மியூசியத்துக்கும் 1851-ல் முதல் பொறுப்பாளர் அவர்தான். இந்த இரண்டு ஊருக்கும் இப்படியும் ஓர் உறவு இருக்கிறது. அந்த மியூசியத்துக்குப் பக்கத்தில், 1970-களின் நடுவில் ஓவியர் வெங்கடப்பா பெயரால் ஒரு காட்சியகம் வந்தது. கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற மைசூர்க்காரர் அவர். சிறு ஓவியர்கள் குறைந்த வாடகையில் தங்கள் படங்களை மாட்டி வைக்கக் கிடைத்த இடம் அது.

2015-ல் இந்தக் காட்சியகத்தை ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்று மேம்படுத்துவது என்று அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷம் ஓவியர்கள் கூடி எதிர்த்தார்கள். அப்போது நம் சங்கத்திலும் பேச்சு வந்தது நினைவிருக்கலாம். "பணம் உள்ளவன் செலவு செய்து நன்றாக்கித் தருகிறேன் என்கிறான், இவர்களுக்கு என்ன வலிக்கிறது?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். அந்த அறக்கட்டளைக்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. படம் மாட்டுகிறவனைக் கேட்காமல் போட்ட படம் அது. என்னுடைய கேண்டீன் படத்தைப் போல. அவர்கள் இருப்பதே காகிதத்தில் குறிக்கப்படவில்லை. அந்தத் திட்டம் கைகூடவில்லை. பின்னால் அதே கஸ்தூரிபா சாலையில், நடந்துபோகிற தூரத்தில், தனி மனையில் தனியார் மியூசியம் ஒன்று எழும்பி 2023 பிப்ரவரியில் திறந்தது. வெளிப்புறம் முழுக்கப் புடைப்பு வேலை செய்த ஸ்டீல் தகடு. பழைய காலத்துத் தண்ணீர்த் தொட்டி மாதிரி இருக்கிறது. சிலருக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடிக்கிறது. சிறிய மனையில் அடுக்கடுக்காக மேலே போயிருக்கிறார்கள். பூங்கா நிலத்தில் கை வைக்காமலே நல்ல மியூசியம் கட்ட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அன்று கூடி நின்ற ஓவியர்களுக்கு ஒரு விதத்தில் ஊரே நன்றி சொல்ல வேண்டும், அந்த மியூசியத்துக்காரர்களும் சேர்த்து.

இனி, காபி குடித்த நண்பரின் கேள்வி. நமக்கு என்ன வம்பு?

1809-ல் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே கண்டோன்மெண்ட் போட்டபோது, அதற்குப் பின்னால் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர்கள் வந்தார்கள். கல்லுடைக்க, சுவர் எழுப்ப, கடை வைக்க, கணக்கு எழுத. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் நூறு வருஷத்துக்கு மேலான வீடுகளில் இன்னும் தமிழ் பேசுகிறார்கள். இங்கே தோட்டக் கலையில் பெயர் பெற்ற திகளர் சமூகத்தாரின் வீட்டுப் பேச்சைக் கேட்டால் நமக்குப் பாதி புரியும். இருநூறு வருஷம் ஒரு தெருவில் நடந்த பிறகும் "வந்த ஊர்" என்று சொல்லிக்கொண்டிருப்பது பணிவு என்று நினைக்கிறோம். எனக்கு அது சோம்பல் என்று படுகிறது. 1991 டிசம்பரில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த நாட்களை நான் மறக்கவில்லை. அந்தப் பயத்தில் வந்த பழக்கம் இது என்றும் தெரியும். அன்றைக்கு எங்கள் தெருவில் பால் வாங்கிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் என்பதும் மறக்கவில்லை. 1998-ல் கப்பன் பார்க்கின் ஒரு பகுதியைக் கட்டடத்துக்காகப் பூங்காக் கணக்கிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்றபோது ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர் என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. ஆபீஸ் என்று சொன்னேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

நிழலில் உட்கார மட்டும் வருவோம், நிழலுக்காகப் பேச வரமாட்டோம் என்றால் அது எப்படி முறையாகும்? நகராட்சி ஏதாவது திட்டத்துக்கு ஆட்சேபணை, யோசனை கேட்டு விளம்பரம் போட்டால் நாம் எழுத வேண்டும். கன்னடத்தில் எழுத வேண்டும். தெரியாதவர்களுக்கு எழுதித் தர நம் பிள்ளைகளே இருக்கிறார்கள். என் பேத்தியின் திட்டத்தில் எல்லாப் பலகைகளும் கன்னடத்தில் பெரிய எழுத்தில்தான் இருக்கின்றன. "தமிழில் ஒன்று போடக் கூடாதா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "படத்துக்குப் பக்கத்துல ஆள் நிக்கட்டும் தாத்தா, கேட்டா எந்த பாஷையிலயும் சொல்வாங்க" என்றாள். பலகையைவிட அது மேல் என்றே தோன்றுகிறது.

வண்டி நிறுத்தும் விஷயத்தில் எனக்கும் அவளுடைய கைடுக்கும் பெரிய கருத்து வேறுபாடு. நிலத்தடியில் இரண்டு தளம் தோண்டி வண்டி நிறுத்தினால், மேலே முழுக்கப் பூங்கா என்கிறார் அவர். காகிதத்தில் பச்சையாகத்தான் தெரியும். காங்கிரீட் கூரையின் மேல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் மண் போட்டால் புல் வளரும், செம்பருத்தி வளரும். தூங்குமூஞ்சி வளருமா? தோண்டும்போது பக்கத்து மரங்களின் வேரும் அறுபடும். உடனே தெரியாது, இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து ஒரு பக்கம் பட்டுப்போகும். அப்போது "நோய் வந்துவிட்டது" என்று வெட்டுவார்கள். பஸ்ஸும் மெட்ரோவும் ஓடுகிற ஊரில், ஓவியம் பார்க்க வருகிறவர் கொஞ்சம் நடந்தால் என்ன? வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் வாசலிலேயே நான்கு இடம் வைத்தால் போதும். இந்த விஷயத்தில் பேத்தி என் பக்கம். மதிப்பெண் குறையும் என்கிறாள். பரவாயில்லை என்றும் சொல்கிறாள்.

இப்போது கட்டடம் ஒருவழியாக இடத்தில் உட்கார்ந்துவிட்டது. வட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற நீளமான, மெல்லிய கட்டடம், மூன்று தளம். படம் மாட்டும் கூடங்களுக்கு வடக்கு வெளிச்சம். சேமிப்பு அறைகள் நடுத்தளத்தில், வெள்ளத்துக்கும் எட்டாமல் வெயிலுக்கும் எட்டாமல். மதிலில் தெருப் பக்கம் நாற்பது அடிக்கு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கல் திண்ணை. குடிதண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் டிக்கெட் கவுண்டருக்கு வெளியே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது என் மனைவி.

ஒன்று மட்டும் தீரவில்லை. பெரிய ஓவியங்களும் சிற்பங்களும் லாரியில் வரும். லாரி உள்ளே வந்து, திரும்பி, பின்பக்கமாக இறக்கு மேடையை ஒட்டி நிற்க வேண்டும். அது திரும்புகிற வளைவு எப்படிப் போட்டாலும் ஏழாம் நம்பர் மரத்தின் வட்டத்துக்குள் மூன்று மீட்டர் வந்துவிடுகிறது. திரும்பாமல் நேராகவே பின்னோக்கி வரட்டும் என்கிறேன் நான். அரண்மனைச் சாலைப் போக்குவரத்தில் அது நடக்காது என்கிறார் கைடு. சிறிய வண்டியில் மாற்றிக் கொண்டுவரலாமா என்று யோசிக்கிறாள் பேத்தி. ஏற்றி இறக்கும்போது சட்டம் அடிபடுமே என்ற பயமும் இருக்கிறது. நம் வாசகர்களில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர்கள், பேக்கிங் தொழிலில் இருப்பவர்கள் சிலர் உண்டு. பதினெட்டு அடி வண்டி குறைந்தபட்சம் எவ்வளவு இடத்தில் திரும்பும், அனுபவத்தில் பார்த்த கணக்கு என்ன என்பதை ஆசிரியர் முகவரிக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் உதவியாக இருக்கும். பரீட்சை அடுத்த மாதக் கடைசியில்.